மெக்கரோனுக்கு என்ன கலர் போடட்டும்?

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் கண்ணால்தான் தின்பார். நாக்கு குறை சொல்வதற்கு மட்டும்.

நான் மாத்தளை டவுனில் வீட்டில் வைத்து மெக்கரோன் செய்து கொடுக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டையின் வெள்ளைக் கருவைச் சீனியோடு நுரை கட்டும்வரை அடித்து, பாதாம் மாவைச் சேர்த்து, சின்ன வட்டங்களாகப் பிழிந்து, மேலே தோல் கட்டும்வரை காயவிட்டுச் சுட வேண்டும். அதுதான் ஓடு. இரண்டு ஓட்டுக்கு நடுவில் கிரீம் வைத்து ஒட்டினால் மெக்கரோன். பாதாம் கிடைக்காத நாட்களில் கஜு, அதாவது முந்திரிப்பருப்பு மாவு. செய்வது பாதி வேலை, ஓட்டுக்குக் கலர் போடுவது மறு பாதி, அந்தக் கலருக்காகப் பேச்சு வாங்குவது மூன்றாவது பாதி. ஐசிங் கேக் போடுகிறவர்களுக்கும் ரவிக்கை தைக்கிறவர்களுக்கும் மணப்பெண் அலங்காரம் செய்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உடனே புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

இதையெல்லாம் நான் அனுபவித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் எங்கள் வீட்டில் தங்கச்சி சுமதிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். சுமதிக்கு இரத்தோட்டையில் ஒரு பாமசியில் வேலை. பஸ்ஸில் இறங்கி வருகிற தோட்டத்துச் சனங்களுக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். தம்புள்ளையிலிருந்து அந்தப் பக்கத்துக் கடைகளுக்கு லொறியில் மரக்கறி இறக்க வரும் ரமேஷ், லொறிக் கதவில் விரலை நசுக்கிக்கொண்டு ஒருநாள் அங்கே போயிருக்கிறார். விரல் ஆறிய பிறகும் மருந்து கட்டப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். பிள்ளைகள் இருவருக்கும் பிடித்துவிட்டது. எங்கள் அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. ரமேஷின் அம்மா சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

ரவிக்கைத் துண்டு

முஸ்லிம் அக்காமாரை நாங்கள் ராத்தா என்போம். பரீதா ராத்தா எங்கள் தெருவிலேயே பழைய குடும்பம். மகளின் கல்யாணத்துக்கு மெக்கரோன் வேண்டும் என்று ரவிக்கையில் வெட்டிய துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். வெங்காயத் தோல் நிறம். இந்த நிறத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்பேன். கொஞ்சம் கூடினால் பீட்ரூட், கொஞ்சம் குறைந்தால் காய்ச்சல்காரன் நாக்கு. அடுப்பில் போகும்போது ஒரு நிறம், வெளியே வரும்போது வேறொன்று என்பதால் சுடாத மாவில் எப்போதும் ஒரு படி தூக்கலாகக் கலக்க வேண்டும். நான் மூன்று தடவை சுட்டேன். ராத்தா ஒவ்வொரு தடவையும் ஓட்டைத் துணியோடு சேர்த்துப் பிடித்து, முதலில் குசினி வெளிச்சத்தில் பார்த்தார், பிறகு வாசலில் வெயிலில் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை நினைத்துப் பார்த்தார்.

மூன்றாவது தடவை ஓடு எது துணி எது என்று எனக்கே தெரியவில்லை. அப்படிப் பொருந்தியது. ராத்தா சந்தோஷமாகப் போனார். மறுநாள் முழு ரவிக்கையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தைத்து வந்ததை ஒரு தடவை அலசிப் போடலாமே என்று நனைத்திருக்கிறார், சாயம் பாதி வாளியில் போய்விட்டது. ரவிக்கையையும் என் ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நியாயமாகத்தான் தீர்ப்புச் சொன்னார்: "உங்க பிஸ்கட்டுல ஒரு பிழையும் இல்ல புள்ள, துணிதான் வெளுத்துப் போச்சு. இப்ப வெளுத்ததுக்கு ஏத்த மாதிரி செஞ்சி தாங்க."

பெண் பார்க்க வந்த அன்று

ரமேஷின் அம்மா நல்ல ஆகிருதி. தம்புள்ளையில் அவர்களுக்கு மரக்கறி மொத்த வியாபாரம். கத்தரிக்காய் மூட்டையின் வாயைக்கூடப் பிரிக்காமல், வெளியே தடவிப் பார்த்தே உள்ளே எத்தனை சொத்தை என்று சொல்லிவிடுவாராம். அப்படி ஒரு கண். அந்தக் கண்ணோடு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

அன்று மெக்கரோன் தட்டை நான் நீட்டினேன், தேத்தண்ணியைச் சுமதி கொண்டுவந்தாள். அந்த அம்மா மெக்கரோனைப் பார்க்கவில்லை. சுமதியைப் பார்த்தார். பிறகு ஹோல் லைட்டைப் பார்த்தார். வெக்கையாக இருக்கிறது, வாசல் பக்கம் போய் உட்காரலாமே என்றார். எல்லோரும் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனோம். அங்கே மாலை வெயில் நேராக அடித்தது. சுமதியை அந்த வெயிலில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, எத்தனை மணிக்கு வேலை முடியும், சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்டார். கேள்விகள் வாயிலிருந்து வந்தன, கண் மட்டும் பரீதா ராத்தா துணியையும் ஓட்டையும் மாறி மாறிப் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் நான், சுமதி, அம்மா மூன்று பேரும் நல்ல கறுப்பு. என்னையும் என் காலத்தில் இப்படித்தான் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள், அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. ரமேஷ் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய சுமதியின் படம் ஸ்டூடியோவில் எடுத்தது. ஸ்டூடியோக்காரர் கேட்காமலே எல்லோரையும் வெளுத்துக் கொடுப்பார், அது அவருடைய கைராசி. ரமேஷின் அம்மா போகும்போது எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிரியமாகச் சொன்னது இதுதான்: "பிள்ளை நல்ல பிள்ளைங்க. படத்துல மட்டும் கொஞ்சம் வெளிச்சமா இருந்துச்சு. யோசிச்சுச் சொல்றோம்."

கறுப்புத்தான் வேணும்

அவர்கள் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பையனின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு ஓர்டர் வந்தது. எல்லாம் கறுப்பு. பலூன் கறுப்பு, கேக் கறுப்பு, மெக்கரோனும் கறுப்பு, மேலே தங்கப் பொடி. கறுப்பு ஓடு செய்வது லேசான காரியமில்லை. முதலில் கொக்கோ போட்டு மாவைப் பழுப்பாக்கி, அதற்கு மேல் கறுப்பு ஜெல் விட வேண்டும். கொஞ்சமாக விட்டால் சாம்பல் வரும். அதிகமாக விட்டால் ஓடு வெடிக்கும், அதோடு தின்கிறவன் வாயெல்லாம் கறுக்கும். இதை நான் பையனிடம் தெளிவாகச் சொன்னேன். அவன் போனில் ஒரு படத்தைக் காட்டி, இதைவிடக் கறுப்பாக வேண்டும் என்றான். கறுப்பை ஒரு மனிதன் இவ்வளவு ஆசையாகக் கேட்டு நான் அப்போதுதான் பார்த்தேன். சுமதியைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினேன், அவளும் சிரித்தாள்.

விழாவில் குழுப் படம் எடுப்பதற்கு முன்பே எல்லோரும் மெக்கரோனைத் தின்று முடித்துவிட்டார்கள். போட்டோக்காரர் சிரியுங்கள் என்றதும் சொந்தபந்தம் எல்லாம் வாயைத் திறந்தது. ஒரு பல்கூட வெள்ளையாக இல்லை. கறுப்பு உடுப்பு, கறுப்பு பலூன், நடுவில் அத்தனை கறுப்பு வாய். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்ட முடியாது, அழிக்கவும் மனம் வராது. பையனின் தாய் என்னை வழியில் கண்டபோது கோபப்படவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்: "கறுப்பு பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு தங்கச்சி. நம்ம மேல வந்து ஒட்டாம இருந்திருந்தா."

ஆதிகாலத்து நிறம்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற வழியெல்லாம் ஸ்பைஸ் கார்டன்கள். அதில் ஒரு முதலாளி வந்து, சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்க இயற்கைச் சாயத்தில் மெக்கரோன் வேண்டும் என்றார். ஜெல் கூடாது. மஞ்சளும் சங்குப்பூவும் பீட்ரூட்டும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. சங்குப்பூச் சாறு கண்ணாடிக் கோப்பையில் நல்ல நீலமாக இருந்தது, முட்டை வெள்ளையைக் கண்டதும் பச்சைக்குத் தாவியது, ஓவனிலிருந்து வரும்போது குளத்துப் பாசி. பீட்ரூட் உள்ளே போகும்போது புது மணப்பெண்ணாக இருந்தது, வெளியே வரும்போது செங்கல்.

எனக்குத் தட்டை வெளியே எடுக்கவே வெட்கமாக இருந்தது. உடைந்த ஓடுகளைத் தின்று தீர்க்கும் பொறுப்பு என் வீட்டுக்காரருடையது. எந்த நிறத்தையும் ரோஸ் என்று சொல்லிவிட்டுத் தின்கிறவர் அவர். அவரே பாசியைத் தள்ளி வைத்துவிட்டார். முதலாளி மட்டும் முகம் சுளிக்கவில்லை. பாசியையும் செங்கல்லையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, முழுவதையும் எடுத்துக்கொண்டு சொன்னார்: "பிரச்சினை இல்ல மிஸ். வெள்ளைக்காரங்ககிட்ட இதுதான் ராஜா காலத்து கலர்னு சொல்லிக்குவோம்."

வேட்பாளர்

பிரதேச சபைத் தேர்தலுக்கு நின்ற ஒருவர் தன் கட்சியின் நிறத்தில் பெட்டி பெட்டியாக ஓர்டர் கொடுத்தார். எந்த நிறம் என்று சொன்னால் எனக்குத்தான் வம்பு. அந்த வாரம் விடாமல் மழை. ஈரக் காற்றில் ஓட்டுக்கு மேலே தோல் கட்டாது, தோல் கட்டாத ஓடு சுடும்போது பிளந்துவிடும். மின்விசிறியைத் திருப்பி வைத்து, ஹெயார் டிரையரைப் பிடித்து, ஒருவழியாகக் காயவைத்துச் சுட்டு அடுக்கினேன். எடுத்துக்கொண்டு போக வந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார். அன்று காலையில்தான் வேறு கட்சிக்கு மாறியிருக்கிறார். மேலே ஒரு கோட் பூசி நிறத்தை மாற்றித் தர முடியுமா என்றார். வெந்த ஓட்டில் ஈரம் பட்டால் ஊறிப்போகும், முடியாது என்றேன். அவருக்கு அது நியாயமாகப் படவில்லை: "மனுசன் நானே ஒரு நாள்ல மாறிட்டேன், ஒரு பிஸ்கட்டு மாறாதா?"

சந்தன நிறம்

கடைசியில் தம்புள்ளையிலிருந்து போன் வந்தது. ரமேஷ் வீட்டில் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார் போல. பரிசத்துக்கு நாள் பார்த்துவிட்டோம், மாத்தளையில் உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ரமேஷின் அம்மா சொன்னார். எங்கள் அம்மா போனைப் பிடித்துக்கொண்டே சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் போன் அதோடு வைக்கப்படவில்லை. அந்த அம்மா என்னைக் கேட்டார். பரிசத் தட்டில் வைக்க மெக்கரோன் வேண்டுமாம். போனில் ஒரு படமும் வந்து விழுந்தது. மெக்கரோனில் பெண் முகம், மாப்பிள்ளை முகம். முகத்தின் நிறத்திலேயே ஓடு, அதன் மேல் கண், மூக்கு, வாய். பெண்ணுக்குப் பொட்டு, மாப்பிள்ளைக்கு மீசை. யாரோ வெளிநாட்டில் செய்தது, இரண்டு முகமும் பால் மாதிரி.

எங்கள் பக்கத்துச் சனம் தட்டைத்தான் முதலில் பார்க்கும், பெண்ணைப் பிறகு பார்க்கும், அதனால் தட்டில் குறை இருக்கக்கூடாது என்று அவர் விளக்கினார். மகனுக்கு மாநிறம் போதும் என்றார். சுமதிக்குச் சந்தன நிறம். சந்தன நிற ஓட்டுக்கு ஒரு கலரும் தேவையில்லை என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. கஜு மாவை ஒன்றும் போடாமல் சுட்டாலே அந்த நிறம்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பக்கத்தில் அம்மா நின்று, வாயைத் திறக்காதே என்று கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பிசகினால் சுமதியின் கல்யாணம் போகும். சரி என்றேன். போனின் அந்தப் பக்கத்தில் குரல் குழைந்தது: "கோவிச்சுக்காதீங்க ஜெயந்தி, நம்ம பிள்ளைய நாலு பேருக்கு முன்னால கொஞ்சம் தூக்கிக் காட்டத்தானே சொல்றேன்."

சாம்பிள்

பரிசத்துக்கு முந்தின நாள் சந்தன நிற ஓடுகளைச் சுட்டு மேசையில் ஆறவைத்திருந்தேன். தின்னக்கூடிய மை ஊற்றிய பேனாவை எடுத்து முதல் ஓட்டுக்குப் பொட்டு வைத்தபோது சுமதி வேலையிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அந்த வெளுத்த முகத்தை எடுத்துப் பார்த்து, இது யாரென்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டு, ஒரு பிஸ்கட்டுக்காகப் பெரிய பேச்சு வேண்டாம், நாளைக்குத் தின்று முடித்தால் போய்விடும் என்றார். சுமதி சத்தம் போடவில்லை. அந்த ஓட்டை இரண்டு கடியில் தின்று முடித்தாள். ரமேஷின் அம்மாவுக்குத் தன் நிறம் பிடிக்கவில்லையென்றால் நாளைக்கே சொல்லட்டும், எல்லாம் தின்று கல்யாணமும் முடிந்த பிறகு தெரிய வேண்டாம் என்றாள். அம்மா அழுதார். இந்த இடமும் போனால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். எனக்கும் பயம்தான். ரமேஷ் மாதிரி ஒரு பிள்ளை திரும்பக் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும், சுமதிக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

சுமதி கையைக் கழுவித் துடைத்துவிட்டு, முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, என் கலக்கும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டி வைத்தாள். நான் கொக்கோவை எடுத்தேன். சிவப்பும் மஞ்சளும் ஒவ்வொரு துளி விட்டேன். அவள் கையில் ஒரு சொட்டு மாவைத் தடவிப் பார்த்தேன், போதவில்லை, இன்னும் கொஞ்சம் கொக்கோ, பொருந்தியதும் அடுப்புக்காக ஒரு படி தூக்கல். எத்தனையோ பேருடைய ரவிக்கைக்கும் சேலைக்கும் பொருத்தியிருக்கிறேன். இவ்வளவு கவனமாக ஒரு கலரும் கலந்ததில்லை. மாப்பிள்ளைக்குத் தனிக் கிண்ணம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். கை அசையாமல் சுமதி சொன்னாள்: "இதுலயே எடுங்க அக்கா. அவர் நாள் முழுக்க லொறியில வெயில்ல நிக்கிறவர், நான் நிழல்ல மாத்திரை எண்றவ."

தட்டு

தம்புள்ளையிலிருந்து இரண்டு வேன் நிறையச் சனம் வந்தது. பழத் தட்டு, சேலைத் தட்டு, வெற்றிலைத் தட்டு எல்லாம் வரிசையாக வைத்தார்கள். நான் மெக்கரோன் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்து மூடியைத் திறந்தேன். பொட்டு வைத்த முகமும் மீசை வைத்த முகமும் ஜோடி ஜோடியாக, ஒரே நிறத்தில். அந்தப் பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு ரமேஷின் அம்மாவைப் பார்த்தார்கள். அந்த அம்மா குனிந்து, பெண் முகத்தை விட்டுவிட்டு, மீசைக்காரனை எடுத்தார். என் மகனை ஏன் இப்படிக் கறுப்பாகப் போட்டீர்கள் என்று என்னைக் கேட்டார். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவேயில்லை. எங்கள் அம்மா சாமிப் படத்தின் பக்கம் திரும்பினார். சுமதி உள்ளறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிலை ரமேஷ்தான் சொன்னார், அதுவும் வாயால் இல்லை. எழுந்து வந்து தாயின் கையிலிருந்து அந்த ஓட்டை வாங்கினார். வாசலுக்குப் போய் வெயிலில் நின்று, சட்டைக் கையைச் சுருட்டி, ஓட்டைத் தன் கையோடு சேர்த்துப் பிடித்தார். பிறகு தாயை அங்கே வந்து பார்க்கச் சொன்னார். மூட்டையைப் பிரிக்காமலே சொத்தையைக் கண்டுபிடிக்கிற அந்த அம்மா போய்ப் பார்த்தார். ஓட்டைப் பார்த்தார், மகனின் கையைப் பார்த்தார், திரும்பிச் சுமதியைப் பார்த்தார். பொருத்தத்தில் ஒரு நூல்கூட வித்தியாசம் சொல்ல முடியாது. இரண்டு வேன் சனமும் வாசலை எட்டிப் பார்த்தது. அவர் அந்த மீசையை வாயில் போட்டு மெதுவாக மென்று விழுங்கினார், சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தார், தன் சனத்தின் பக்கம் திரும்பினார்: "சின்னதுல இவன் நல்ல செவப்புத்தான், வெயில்ல நின்னு இப்பிடி ஆயிட்டான். சரி, நல்ல நேரம் போகுது, தட்ட மாத்துங்க."

தட்டு மாற்றிக் கல்யாணமும் முடிந்துவிட்டது. இப்போது முகம் போட்ட மெக்கரோன் கேட்டு யார் வந்தாலும் நான் படம் வாங்குவதில்லை, வாசலுக்கு வந்து கையை நீட்டச் சொல்கிறேன், பாதிப் பேர் உடனே பூப் போட்டதே போதும் என்று சொல்லிவிடுகிறார்கள்.